காலையில் நாற்பத்தாறு

பதினொரு மணி நேரம் குழாய் சொட்டியது. அதன்பின் இருபத்துநான்கு மணி நேரம் யாரும் அந்த மண்ணைத் தொடவில்லை. கணக்கு முடிந்தபோது விடியற்காலை ஐந்தரை. நானும், நான் சித்தி என்று கூப்பிடும் பண்ணைக்காரி மஸ்தூராவும் மண்வெட்டியோடு அவர் வயலில் நின்றோம்.

வேலை எளியதுதான். சொட்டுக் குழாய்க்குக் குறுக்கே இடுப்பளவு ஆழத்தில் ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். பள்ளத்தின் சுவரைக் கத்தியால் செதுக்கிச் சமமாக்கினால், தண்ணீர் மண்ணுக்குள் எதுவரை போயிருக்கிறது என்று தெரியும். நனைந்த மண் கருப்பு. நனையாதது சாம்பல். குழாய்க்குக் கீழே தொடங்கி இரண்டு பக்கமும் விரிந்து, ஆழத்தில் குறுகி, வெங்காயத்தை நெடுக வெட்டியதுபோல ஒரு வடிவம் இருக்கும். அதன் பாதி அகலத்தை அளப்பதற்குத்தான் என்னை மண் நிலையத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

சித்தி வெட்டினார். நான் செதுக்கினேன். டேப்பின் ஒரு முனையைக் குழாய்க்கு நேர் கீழே பிடித்து, கருப்பு முடியும் இடம்வரை இழுத்தேன்.

"நாப்பத்தாறு" என்றேன்.

சித்தி மண்வெட்டிக் காம்பின்மேல் இரண்டு கைகளையும் வைத்து, கைகளின்மேல் தாடையை வைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை. மூச்சு மட்டும் விட்டார்.

"போன வாரமும் நாப்பத்தாறு. அதுக்கு முந்தி நாப்பத்தஞ்சு. போதும்ல?"

"போதும் சித்தி."

நாற்பத்தைந்து வந்தால் போதும். பருத்தியை அகல வரிசையாக விதைத்து, இரண்டு வரிசைக்கு நடுவில் ஒரு குழாய் போட்டால், குழாயிலிருந்து செடி இரு பக்கமும் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். தண்ணீர் அதுவரை போகிறது என்றால், சித்தி வீட்டு முற்றத்தில் சுருட்டி அடுக்கியிருக்கும் குழாய் இருபத்துநான்கு ஹெக்டேருக்கும் வரும். போகவில்லை என்றால் வரிசைகளை நெருக்க வேண்டும். குழாய் பதினாறோடு தீர்ந்துவிடும். ரோட்டோரம் இருக்கும் எட்டு ஹெக்டேர் தரிசாகக் கிடக்கும். தரிசாகக் கிடக்கும் குத்தகை நிலத்தை மாவட்டம் திரும்ப எடுத்துக்கொள்ளும். எங்கள் மிர்ஸாசோல் சமவெளியில் அது எல்லாருக்கும் தெரிந்த விதி.

அந்த எட்டு ஹெக்டேரை நம்பித்தான் அவருடைய மகன் எல்பெக் தூர தேசத்தில், கஸானில், கட்டட வேலையை விட்டுவிட்டு இலையுதிர்காலத்தில் திரும்பி வருவதாக இருந்தான். குழாயும் அவன் சம்பாத்தியம்.

வியாழக்கிழமை மாவட்டத்திலிருந்து ஆள் வந்து பள்ளத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதன்பிறகுதான் குழாய் விரிக்கலாம்.

வரப்பில் டிராக்டர் ஓட்டும் ஜூரா உட்கார்ந்து, உப்புத் தயிர் உருண்டை ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தார். சித்தியின் இறந்துபோன கணவருக்குச் சிநேகிதர். மண்வெட்டியைத் தொட மாட்டார். அது டிராக்டர்காரனின் மரியாதைக்குக் குறைவு.

"அண்ணி, பக்கத்துப் பண்ணையில கேக்கறாங்க. வயல் பூரா குழி வெட்டுறீங்களே, புதையல் தேடுறீங்களா, யாரையாவது பொதைக்கப் போறீங்களான்னு."

"உன்னத்தான் பொதைக்கலாம்னு பாத்தேன். நீளம் பத்தல."

"இந்தப் பொண்ணு ரெண்டு வாரமா வாயே தொறக்கலையே. நிலையத்துல பேசறதுக்குத் தனிச் சம்பளமா?"

நான் டேப்பைச் சுருட்டினேன்.

"அது அளக்க வந்துருக்கு. பேசறதுக்குத்தான் நீ இருக்கியே" என்றார் சித்தி.

வழக்கமாக அளந்த உடனே பள்ளத்தை மூடிவிடுவோம். மாடு விழுந்துவிடும் என்பார் சித்தி. எப்போதும் விடியற்காலையில்தான் வெட்ட வேண்டும் என்றும் சொல்வார். வெயில் ஏறினால் சுவர் காய்ந்துவிடும், அளவு சரியாக வராது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்று அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பாதி மண்ணைக்கூடத் தள்ள முடியவில்லை. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். ஜூராவும் வந்தார், காலாற.

*

மூன்று மணிக்குக் கத்தியைத் தேடினேன். பள்ளத்திலேயே விட்டிருந்தேன்.

ஏப்ரல் வெயில்தான். ஆனால் மரம் இல்லாத வயலில் அது போதும். கால்வாயோரத்து முசுக்கட்டை வரிசையைத் தாண்டியதும் கண் கூசியது. இரண்டு வாரமாக விடியற்காலையில் எழுந்து எழுந்து உடம்பு அடித்துப் போட்டதுபோல இருந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

பள்ளத்தில் இறங்கியதும் நின்றுவிட்டேன்.

வெங்காயம் சிறுத்திருந்தது. நடுவில் கருப்பு அப்படியே இருந்தது. அதைச் சுற்றி, என் உள்ளங்கையைவிட அகலமாக, ஒரு வெள்ளை வளையம். சுண்ணாம்பு பூசியதுபோல. காலையில் அந்த வளையமும் கருப்பாக இருந்தது.

வெயிலில் மேல்தோல் காய்ந்திருக்கலாம். கத்தியால் ஒரு விரல் ஆழத்துக்குச் செதுக்கினேன். புதிதாக வந்த மண்ணும் முதலில் மங்கலான கருப்பாகத்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. நடுவில் செதுக்கிய இடம் வெளுக்கவில்லை. அங்கிருந்து ஒரு பிடி எடுத்து அழுத்தினேன். உருண்டையாக நின்றது, உள்ளங்கையில் ஈரம் ஒட்டியது. வளையத்திலிருந்து ஒரு பிடி எடுத்து அழுத்தினேன். பொடிந்து விரலிடுக்கில் வழிந்தது.

நாக்கில் வைத்துப் பார்த்தேன். உடனே துப்பினேன்.

நடுக் கருப்பை அளந்தேன். முப்பத்துமூன்று.

இந்தக் குளிர்காலத்தில் கால்வாயில் தண்ணீர் குறைவு. வயலில் தேக்கி உப்பைக் கழுவ யாருக்கும் கிடைக்கவில்லை. உப்பு மண்ணிலேயே இருந்தது. சொட்டும் தண்ணீர் உப்பைத் தள்ளிக்கொண்டே போகும், தான் நிற்கும் இடத்தில் அதையும் விட்டுவிடும். சில உப்புகள் இரவுக் காற்றின் ஈரத்தை இழுக்கும். விடியும்போது நனைந்த மண்போலவே கருப்பாக இருக்கும். வெயில் ஏறினால் வெளுக்கும். இதை இரண்டாம் ஆண்டில் படித்தேன். தேர்வில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கினேன். கண்ணால் பார்த்ததில்லை.

இருந்தாலும் என் கணிப்பு தவறாக இருக்கலாம். வீட்டுக்குப் போய் தராசும் ஸ்பிரிட் புட்டியும் எடுத்து வந்தேன். நடுவிலிருந்தும் வளையத்திலிருந்தும் ஒரே எடையில் மண் எடுத்து, இரண்டு தகர மூடிகளில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினேன். ஈரம் எரிந்து போகும். மிஞ்சும் மண்ணை நிறுத்தால் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று தெரிந்துவிடும்.

நெருப்பைப் பார்த்து ஜூரா டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தார்.

"அடிப் பாவி! எனக்கு ஒரு சொட்டுக் குடுக்காம மண்ணுக்கு ஊத்திக் கொளுத்துறியே!"

"இது குடிக்கற ஸ்பிரிட் இல்லண்ணே."

"அதெல்லாம் குடிக்கறவன் முடிவு பண்ணணும். அட, பேசிட்டியே! அண்ணிகிட்டச் சொல்றேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீல நெருப்பு அணைந்தது. நிறுத்தேன். நடு மண் நன்றாகக் குறைந்திருந்தது. வளைய மண் குறையவே இல்லை என்று சொல்லலாம். வரப்பில் கிடந்த காய்ந்த மண்ணையும் எரித்துப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரு சிட்டிகைதான் வித்தியாசம்.

குழாய்த் தண்ணீர் முப்பத்துமூன்றில் நின்றுவிட்டது. சித்தி விதைக்கப் போகும் வரிசை நாற்பத்தைந்தில். வெள்ளை வளையத்துக்குள். வசந்த மழையில் விதை முளைக்கும், இரண்டு இலை விடும். பிறகு வேர் தண்ணீரைத் தேடும்.

பையில் இரண்டு ஆணிகள் இருந்தன. ஒன்றைக் காலையில் அளந்த இடத்தில் குத்தினேன். இன்னொன்றை முப்பத்துமூன்றில். எதற்கு என்று தெரியவில்லை. என்னால் பேச முடியாதபோது ஏதாவது ஓர் இடத்தில் அந்த அளவு இருக்கட்டும் என்று தோன்றியிருக்கலாம்.

*

சொல்ல வேண்டிய வாக்கியத்தை மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். மாடு என்னைப் பார்த்தது. உள்ளே போனபோது சித்தி போனில் இருந்தார். மாவு பிசையும் கை, அதனால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எல்பெக்கின் குரலுக்குப் பின்னால் எங்கோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ரோட்டோர எட்டுல பருத்தி வேணாம்மா. அடுத்த வருஷம் முலாம்பழம் போடலாம். லாரிக்காரனுங்க நிப்பானுங்க. ஒரு பந்தல் போட்டா நானே உக்காந்து விப்பேன்."

"மொதல்ல வந்து சேருடா. அப்புறம் பந்தல் போடலாம்."

"டிக்கெட் செப்டம்பர்ல எடுக்கறேன். கையெழுத்து ஆச்சா?"

"வியாழக்கெழம."

"நிலையத்துலேந்து வந்துருக்கே ஒரு பொண்ணு, அது என்ன சொல்லுது?"

சித்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையில் மாவு.

"அது எங்கடா சொல்லுது. அளக்குது."

இரும்புச் சத்தம் நின்றது. போன் அணைந்தது. நான் சுவரோரம் நின்றேன். தொழுவத்தில் தயார் செய்த வாக்கியம் வாயில் இல்லை.

"நான் போயி குழிய மூடிட்டு வந்துட்டேன்" என்றார் சித்தி, மாவைப் பார்த்தபடி. "முதுகு கொஞ்சம் பரவால்ல."

"நானே மூடியிருப்பேன் சித்தி."

"சுவத்துல ரெண்டு ஆணி இருந்துச்சு."

"ஆமா."

"ஒண்ணு நாப்பத்தாறு. இன்னொண்ணு எதுக்கு?"

"மத்தியானம் போனேன். அப்ப…"

"மத்தியானம் வெயிலு. வெயில்ல எல்லாந்தான் சுருங்கும். என் மூஞ்சியப் பாரு." சிரித்தார். நானும் சிரிக்க வேண்டும் என்று காத்திருந்தார். "உள்பக்க ஆணியப் புடுங்கிட்டேன். மண்ணுல கெடந்தா ஜூரா டயர்ல ஏறிடும்."

மேலங்கிப் பையிலிருந்து ஆணியை எடுத்துக் காட்டி, திரும்பப் போட்டுக்கொண்டார். கைமாவு ஆணியில் ஒட்டியது.

"வெளிப்பக்க ஆணி?" என்று கேட்டேன்.

"அது எங்க போச்சோ. மண்ணுக்குள்ள போயிருக்கும்."

பிறகு, அடுப்பிலிருந்து முதல் ரொட்டியை எடுத்து, தன் கையாலேயே பிய்த்து, பெரிய துண்டை என் முன்னால் வைத்தார். இரண்டு வாரமாக அப்படித்தான். அவருக்கு மகள் இல்லை. சுடச்சுட இருந்த ரொட்டியை நான் தின்றேன்.

*

மாவட்ட ஆள் தோஷ்புலாத் வியாழக்கிழமை காலை ஆறரைக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர், பெரிய உடம்பு, புதிய ஷூ. சித்தி அதற்குள் புதுப் பள்ளம் வெட்டி முடித்திருந்தார். எல்லாக் கணக்கும் சரியாகச் செய்திருந்தார். பதினொரு மணி நேரம் சொட்டவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து. இரவில் நல்ல பனி. சுவர் தார் பூசியதுபோல இருந்தது.

"நான் எறங்கினா ஏத்தறதுக்கு டிராக்டர் வேணும்" என்றார் தோஷ்புலாத். "தங்கச்சி, நீங்க பிடிங்க. நான் மேலேந்து பாக்கறேன்."

பிடித்தேன். அவர் குனிந்து படித்தார்.

"நாப்பத்தாறு! அடேங்கப்பா. போன வாரம் பாத்த மூணு பண்ணையிலயும் நாப்பதத் தாண்டல. மஸ்தூரா அக்கா, உங்க மண்ணு நல்ல மண்ணு."

"அல்லா குடுத்தது" என்றார் சித்தி. அவர் குரல் வழக்கத்தைவிட மெலிந்திருந்தது.

"எங்கப்பா டேப்பே பாத்ததில்ல. வாய்க்கால் பாசனம். கரை மேலவரைக்கும் கருத்துச்சுன்னா மடைய அடைப்பாரு. கருப்புன்னா தண்ணி. அவ்வளவுதான் கணக்கு." பையிலிருந்து காகிதத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். "நிலையத்து ஆளும் ஒரு வார்த்த சொல்லிட்டா எழுதிடலாம். சரிதானே தங்கச்சி?"

நான் பள்ளத்துக்குள் இருந்தேன். மூன்று பேரும் மேலே நின்று என்னைப் பார்த்தார்கள். தோஷ்புலாத்தின் பேனா, ஜூராவின் உப்பிய கன்னம், சித்தியின் ரப்பர் பூட்ஸ். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. இரண்டு நாளாக மனத்துக்குள் சேர்த்து வைத்ததில் ஒரே ஒரு துண்டுதான் வெளியே வந்தது.

"மத்தியானம் வரைக்கும் இருங்க. அப்ப இன்னொரு தடவ பாத்துட்டு எழுதுங்க."

ஜூரா மெல்வதை நிறுத்தினார்.

"மத்தியானமா? இன்னும் ரெண்டு பண்ணை இருக்கே." தோஷ்புலாத் சித்தியின் பக்கம் திரும்பினார். "வீட்டுக்காரம்மா என்ன சொல்றாங்க?"

எங்கள் ஊர்களில் வாசலுக்கு வந்தவரைப் 'போ' என்று சொல்ல வாய் வராது. அதிலும் ஒருவர் 'இருங்க' என்று சொன்ன பிறகு, வீட்டுப் பெண் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது துரத்தியதற்குச் சமம். ஊர் முழுக்கப் பேசுவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்து சொன்னேனா என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சித்தி கொஞ்ச நேரம் பள்ளத்தைப் பார்த்தார்.

"இருங்க" என்றார். "பிலாவ் போடறேன். சாப்பிடாம எப்படிப் போவீங்க?"

"ஐயோ, எதுக்கு அக்கா சிரமம்."

"சிரமம் என்ன."

"வேணாங்க, வேலை இருக்கு."

"ஆட்டு வால்கொழுப்பு இருக்கு."

"அப்படின்னா" என்று பேனாவை மூடினார் தோஷ்புலாத்.

*

முற்றத்து அடுப்பில் கொப்பரையை ஏற்றினோம். சுருட்டிய குழாய்களின் மேல் கோழிகள் உட்கார்ந்திருந்தன. சித்தி கொழுப்பை வெட்டினார். நான் கேரட் வெட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினார்.

"தீக்குச்சி மாதிரி வெட்டச் சொன்னா வெறகு மாதிரி வெட்டற. உன்னக் கட்டிக்கறவன் பாவம்."

மெலிதாக வெட்டினேன். கொழுப்பு உருகி, வெங்காயம் போட்டு, இறைச்சி போட்டு, கேரட் போட்டு, தண்ணீர் ஊற்றி, அது கொதிக்கும்வரை கரண்டியை விடவில்லை. வெயில் சுவரில் இறங்கி முற்றத்துக்கு வந்தது. திண்ணையில் தோஷ்புலாத் ஜூராவோடு தேநீர் குடித்துக்கொண்டே கண்ணயர்ந்தார்.

"போன வருஷம் மூணு தடவ வெதைச்சேன்" என்றார் சித்தி, கரண்டியைப் பிடித்தபடி. "மொத தடவ மழ பேஞ்சு மேல்மண்ணு ஓடு மாதிரி எறுகிப்போச்சு. ஒடச்சுட்டு மறுபடி. அதுவும் வரல. மூணாவது தடவ வந்துச்சு. ஜூரா டிராக்டர் மேல ஏறி ஆடினான்."

"ம்."

"பதினஞ்சு நாள் இருக்கும். ஒரு நாள் போயிப் பாக்கறேன், வேக வெச்ச கீரை மாதிரி சாஞ்சு கெடக்குது. வரிசை வரிசையா. எல்லாமில்ல. வாய்க்காலுக்குப் பக்கத்துல இருந்தது பொழச்சுக்கிச்சு. தள்ளி இருந்ததெல்லாம் போச்சு."

நான் நெருப்பைப் பார்த்தேன்.

"ஏன்னு கேக்க மாட்டியா?"

வாயைத் திறந்தேன்.

"விடு. நீயா கேக்கப் போற." உப்பு டப்பாவை என் பக்கம் தள்ளினார். "போடு."

போட்டேன். அவர் கரண்டியில் எடுத்து ஊதிச் சுவைத்தார்.

"கம்மி" என்று தானும் கொஞ்சம் போட்டார். பிறகு அடுப்பின் பக்கத்தில் இருந்த கட்டையில் உட்கார்ந்துவிட்டார். கால்களை நீட்டிக்கொண்டார். பூட்ஸில் பள்ளத்து மண் காய்ந்து வெளுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அரிசியைக் கழுவி வந்து கொட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

"நாலாவது தடவ வெதைக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றார். என்னிடம் சொன்னாரா அரிசியிடம் சொன்னாரா தெரியவில்லை.

*

எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். தோஷ்புலாத் கையால் உருட்டி உருட்டி, மனமாரச் சாப்பிட்டார். கொழுப்பைப் புகழ்ந்தார். கேரட்டையும் புகழ்ந்தார்.

"அது நம்ம நிலையத்துப் பொண்ணு வெட்டினது" என்றார் ஜூரா. "ஸ்கேல் வெச்சு வெட்டியிருக்கும்."

மணி ஒன்றரை. கேட்டுக்கு வெளியே வயல் வெள்ளையாகக் கூசியது. பள்ளம் இந்நேரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுந்து, 'போகலாமா' என்று கேட்டால் போதும். முந்நூறு அடி தூரம்கூட இல்லை.

தோஷ்புலாத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்தார்.

"காலைல பாத்ததே போதும். இந்த வயித்தோட, இந்த வெயில்ல, யாரு நடக்கறது. நாப்பத்தஞ்சுன்னு போட்டுடறேன், ஒரு சென்டிமீட்டர் அல்லாவுக்கு."

"ஒரு தடவ…" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தங்கச்சி, உங்க படிப்புல தூக்கம்னு ஒரு பாடம் வெக்கலையா?"

ஜூரா சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னிடம் இருந்த சொற்கள் காலையிலேயே தீர்ந்துவிட்டன. பக்கத்தில் சித்தி அசையாமல் இருந்தார். அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தால் போதும். எட்டு ஹெக்டேரும் ரோட்டோரப் பந்தலும் செப்டம்பர் டிக்கெட்டும் அவர் கைக்கு வந்துவிடும். நானும் மறுநாள் பஸ் ஏறிவிடுவேன். அந்த நேரத்தில், அப்படியே முடிந்துவிட்டால் நல்லது என்றுகூட எனக்குத் தோன்றியது. அவ்வளவு அலுப்பாக இருந்தது.

"மொதல்ல ஆசி. அப்புறம் கையெழுத்து" என்று தோஷ்புலாத் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தினார். விருந்தாளி சொல்ல வேண்டும், வீடு ஆமீன் போட வேண்டும். நாங்களும் ஏந்தினோம்.

"இந்த வீட்டுக் கொப்பர காலியாகாம இருக்கட்டும். தூர தேசத்துல ஒழைக்கற புள்ள ஒடம்பு சொகத்தோட திரும்பி வரட்டும். அக்கா முதுகு வலி போகட்டும். இருபத்துநாலு ஹெக்டேர்லயும் வெதைச்ச வெதை ஒண்ணுகூடச் சாகாம, முளைச்சு, நின்னு, காய்க்கட்டும். ஆமீன்."

"ஆமீன்" என்று ஜூரா முகத்தைத் தடவிக்கொண்டார். நானும் தடவிக்கொண்டேன். தோஷ்புலாத் தடவிய கையோடு பேனாவை எடுத்தார்.

சித்தியின் கைகள் ஏந்தியபடியே நின்றன. முகத்துக்குப் போகவில்லை.

"அக்கா?"

"என்னால முடியல" என்றார் சித்தி.

"முதுகா?"

"இல்ல. மத்ததுக்கெல்லாம் ஆமீன். கடைசியாச் சொன்னீங்களே, அதுக்குச் சொல்ல வாய் வரல."

கைகளை இறக்கினார். மேலங்கிப் பைக்குள் விட்டு எதையோ எடுத்து, விரிப்பின்மேல், ரொட்டித் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். முப்பத்துமூன்றில் நான் குத்திய ஆணி. அதில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

"எழுதாதீங்க தம்பி. காலைல நீங்க பாத்த ஓரத்துக் கருப்பு தண்ணி இல்ல. உப்பு. இந்தப் பொண்ணு வர்றதுக்கு முந்தியே எனக்குத் தெரியும்."